பிடிக்காததுல கோடு போடுங்க

பிரகதீஸ்வரி முதன்முதலாக அச்சகத்துக்கு வந்தது ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரம். சிவரஞ்சனியின் மேசையில் ஒன்பது கல்யாணப் பத்திரிகைகள் காத்துக் கிடந்தன. மணப்பெண்ணின் தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சென்று ஒருவர் எதிரே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே, "வணக்கம்க்கா, நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா? ஒரு புத்தகம் போடணும்" என்று ஒரு குரல் கேட்டது.

புத்தகம் என்ற சொல்தான் சிவரஞ்சனியை நிமிர வைத்தது. முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண். மடிப்புக் கலையாத சுடிதார், தோளில் துணிப்பை, முகத்தில் நல்ல சிரிப்பு.

புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்த அச்சகத்தில் சிவரஞ்சனி வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரில் எழுத்தை அடுக்கி, பக்கத்தை வடிவமைத்து, அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. கல்யாணம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டதெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயிற்று. புத்தகம் என்று செய்தது ஒரே ஒரு குடமுழுக்கு மலர். அதிலும் பாதிக்கு மேல் விளம்பரம். ஒரு முழுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு நெடுநாளாக ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரர் குணசேகரன் கத்தாரில் இருந்தார். தினமும் சாயங்காலம் போன் வரும். சாப்டியா, பையன் படிக்கிறானா, அம்மா மாத்திரை போட்டாங்களா, நல்லா இருக்கியா. நல்லா இருக்கேன். அந்தப் பேச்சுக்குள் இந்த ஆசையை நுழைக்க இடம் இருந்ததில்லை.

பிரகதீஸ்வரி மணமேல்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஆட்டிசம் இருப்பது முப்பத்தோராவது வயதில்தான் தெரியவந்தது. திருச்சியில் ஒரு டாக்டர் சொன்னார். அதற்கு முன்பு வரை தனக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு நாளும் மலையேறி இறங்குகிற மாதிரி இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்ததில்லை. தெரிந்த பிறகு எழுத ஆரம்பித்தாள். போன் குழு ஒன்றில் பழக்கமான, தன்னைப் போன்ற இன்னும் ஆறு பேரிடமும் கேட்டு எழுதினாள். வேலையிலும் பஸ்ஸிலும் விருந்திலும் மற்றவர்களைப் போலத் தெரிவதற்காக அவர்கள் தங்களை எப்படி மறைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் புத்தகம். தலைப்பு, 'எண்ணிக்கொண்டே பேசுகிறேன்'. தலைப்பைப் பார்த்து ஏதோ கணக்குப் புத்தகம் என்று சிவரஞ்சனி நினைத்தாள்.

முதலாளி ஆத்மநாதன் முதலில் இழுத்தார். "நம்மளுக்குப் பத்திரிகை வேலையே தலைக்கு மேல இருக்கு. முந்நூறு காப்பிக்கு யாரு மாரடிக்கிறது?"

"ஞாயித்துக்கிழமை நான் வந்து செய்யிறேன் சார். சாவிய மட்டும் குடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் அவள் இப்படி எதையும் கேட்டதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார்.

பிரகதீஸ்வரிக்கும் லீவு ஞாயிறு மட்டும்தான். காலையில் மணமேல்குடியில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, பத்தரைக்கு வந்து சேருவாள். முதல் மூன்று ஞாயிறும் எல்லாம் சுகமாகப் போயிற்று. சிவரஞ்சனி அட்டைக்கு ஒரு படம் செய்திருந்தாள். ஒரு பெண்ணின் முகம், பாதி முகமூடி, முகமூடியில் விரிசல், அதன் வழியே நீல வெளிச்சம். பளபளக்கிற தாளில் அச்செடுத்துக் காட்டினாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க்கா."

உள் பக்கத்துக்கு ஓரத்தில் கொடி வளைவு போட்டிருந்தாள். எழுத்தை இரண்டு பக்கமும் கத்தரித்த மாதிரி நேராக நிறுத்தியிருந்தாள். அதையும் காட்டினாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க்கா. எப்பிடித்தான் செய்யிறீங்களோ."

சிவரஞ்சனிக்கு மனசு நிறைந்துபோயிற்று. அன்று பையனுக்கும் மாமியாருக்கும் பரோட்டா வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரம், பத்திரிகை வேலைகளுக்கு நடுவேதான், மூன்றாம் அத்தியாயத்தைப் பக்கங்களாக அடுக்க உட்கார்ந்தாள். அதுவரை அவள் வரிகளை ஓடவிட்டாளே தவிர நின்று படிக்கவில்லை. ஒரு பத்தி பக்கத்தின் அடியில் உடைந்துபோனதால் அதைச் சரிசெய்யும்போது கண் நின்றது.

'எனக்குப் பிடிக்காத ஒன்றைக் காட்டி எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், ரொம்ப நல்லா இருக்குங்க என்று சொல்வேன். சொல்லும்போது தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்ப்பேன். ஏழாம் வகுப்பில் எங்கள் டீச்சர் அப்படிச் செய்வார். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒரு மாதம் பழகி அதை எடுத்துக்கொண்டேன். உண்மையிலேயே பிடித்த ஒன்றைக் காட்டினால் எனக்குப் பேச்சு வராது.'

சிவரஞ்சனி மௌசிலிருந்து கையை எடுத்தாள். மூன்று ஞாயிறும் அந்தத் தலை சாய்ந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சாய்ந்ததை அழகு என்றுகூட நினைத்திருந்தாள். காது மடல் சூடாயிற்று. பக்கத்தில் அச்சு மெஷினின் பிளேட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஆள் பார்த்துவிடுவானோ என்று திரையைச் சின்னதாக்கினாள்.

மத்தியானம் போன் போட்டாள். "பிரகதீஸ்வரி, அட்டை பிடிக்கலைன்னா தைரியமா சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"அய்யோ, இல்லைங்க்கா. ரொம்ப நல்லா இருக்கு."

போனை வைத்த பிறகு சிவரஞ்சனி நெடுநேரம் யோசித்தாள். கோபமும் இருந்தது. அதைவிட, ஒரு ஆள் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து, தனக்குப் பிடிக்காததை எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிறாளே என்பது தாங்கவில்லை. கேட்டால் அந்தப் பதில்தான் வரும் என்று அவளுக்கு விளங்கிற்று. மூஞ்சிக்கு நேரே கேட்பதுதான் தப்பு.

அடுத்த ஞாயிறு எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்து மேசையில் அடுக்கினாள். பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனா வைத்தாள். பிரகதீஸ்வரி வந்து நல்லா இருக்கீங்களா என்று ஆரம்பிக்கும் முன்பே சொன்னாள்: "நான் வெளிய போறேன். ஒரு மணி நேரம் ஆகும். நீங்க எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். பிடிக்காததுல கோடு போடுங்க. போதும்."

கடைவீதியில் பிருந்தாவனம் முக்குப் பக்கம் போய் ஒரு டீ குடித்தாள். இன்னொரு டீயும் குடித்தாள். ஒரு மணி நேரம் இவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாது.

திரும்பி வந்து முதல் தாளைக் கையில் எடுத்தாள். அட்டை முழுக்கக் குறுக்கே ஒரே கோடு. 'முகமூடி என்றால் கழற்றி ஆணியில் மாட்டலாம். இது அப்படி இல்லை. படம் வேண்டாம்' என்று பொடி எழுத்து. நீலம் வேண்டாம். பளபளப்புத் தாள் வேண்டாம், ட்யூப்லைட் அதில் விழுந்து கண்ணைக் குத்துகிறது. கொடி வளைவு வேண்டாம், கண் எழுத்தை விட்டுவிட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு ஓரமும் நேராக நிற்பதற்காகச் சொற்களை இழுத்துவிட்டிருக்கிறீர்கள், நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, நான் அந்த ஓட்டைகளில் விழுந்துவிடுகிறேன். இப்படியே நாற்பத்தேழு பக்கங்களுக்கு.

பிரகதீஸ்வரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பில்லாத அவள் முகத்தை சிவரஞ்சனி அன்றைக்குத்தான் பார்த்தாள். வேறு யாரோ ஒருத்தி போல இருந்தாள்.

"கோவமா?" என்று பிரகதீஸ்வரி சுவரைப் பார்த்தே கேட்டாள்.

"கொஞ்சம் அழுகை வருது. ஆனா நீங்க சொன்னது சரிதான். எலை போடறதுக்கு முன்னாடியே பாயசத்த ஊத்தி வச்சிருக்கேன்."

பிரகதீஸ்வரி அதற்குச் சிரிக்கவில்லை. "அழுங்க. நான் இங்கிட்டுத் திரும்பி உக்காந்துக்கறேன்" என்றாள்.

சிவரஞ்சனி அழவில்லை. உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். சொற்களை இழுக்காமல் இயல்பான இடைவெளியோடு விட்டாள். இடப்பக்கம் வரிகள் நேராக நின்றன, வலப்பக்கம் ஏறியும் இறங்கியும் முடிந்தன. பழுப்பு கலந்த சொரசொரப்புத் தாளை எடுத்து ஒரு பக்கம் அச்சடித்து நீட்டினாள். பிரகதீஸ்வரி அதை வாங்கி, தாளின் ஓரத்தை உதட்டில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கை விரல்கள் மட்டும் மடியில் வேகமாகத் தாளம் போட்டன.

பேச்சு வராது என்று எழுதியிருந்தது சிவரஞ்சனிக்கு ஞாபகம் வந்தது. பதினான்கு வருடத்தில் எத்தனையோ பேர் அவளைப் பாராட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி எவரும் பாராட்டியதில்லை.

மறுநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆத்மநாதன், "என்ன இது, வலது பக்கம் எலி கடிச்ச மாதிரி இருக்கு?" என்றார்.

"எழுதுனவங்களுக்குப் பிடிச்சிருக்கு சார்."

"படிக்கிறவனுக்குப் பிடிக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கம் படித்தார். நின்றபடியே மூன்றாவது பக்கத்தையும் படித்தார். அதன் பிறகு எலி பற்றிப் பேசவில்லை.

அதற்குப் பின் வந்த ஞாயிறுகள் வேறு மாதிரி இருந்தன. பிரகதீஸ்வரி உள்ளே வந்ததும் நலம் விசாரிப்பதை நிறுத்திவிட்டாள். டிக் டிக்கென்று சத்தம் போடுகிற மின்விசிறியை நிறுத்துவாள், ஒரு ட்யூப்லைட்டை அணைப்பாள், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்வாள். மை வாசம் பிடிக்கும் என்றாள். வேலை நடக்கும்போது தொண்டைக்குள் ஒரே சுரத்தில் மெல்ல முனகுவாள். இரண்டு மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பார்கள். முதல் தடவை சிவரஞ்சனி, தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று பயந்தாள். பிறகு அந்த அமைதிக்காக வியாழக்கிழமையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தாள். வீட்டில் டிவி ஓடும். கடையில் மெஷின் ஓடும். பேசாமல் இருந்தால் ஏன் உம்முன்னு இருக்கே என்று யாராவது கேட்பார்கள். இங்கே ஒருத்தி அவளைப் பார்க்காமல், அவளிடம் எதையும் எதிர்பார்க்காமல், பக்கத்தில் இருந்தாள்.

ஒருநாள், அந்த ஆறு பேரில் திருமயத்துக்காரர் ஒருவரின் பகுதியைச் செய்துகொண்டிருந்தார்கள். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சில்லறைச் சண்டையில் எந்த வார்த்தைக்கு எந்த முகம் வைக்க வேண்டும் என்று இன்னொரு கண்டக்டரைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். கடைசி ட்ரிப் முடிந்ததும் ஷெட்டில் காலி பஸ்ஸின் பின் சீட்டில் அரை மணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம்.

படித்துவிட்டு சிவரஞ்சனி சொன்னாள்: "எல்லாருமே அப்பிடித்தானே? நானும் மாமியார்ட்ட ஒரு மொகம், மொதலாளிட்ட ஒரு மொகம்னுதான் ஓட்டுறேன்."

முனகல் நின்றது.

"மாமியார்ட்டப் பேசும்போது எத்தன செகண்டு கண்ணப் பாக்கணும்னு எண்ணுவீங்களா?" என்று பிரகதீஸ்வரி கேட்டாள்.

"எண்ணவா? இல்லயே."

"நான் எண்ணுவேன். மூணு செகண்டு கண்ணு. ரெண்டு செகண்டு வேற எங்கிட்டாச்சும். மறுபடி மூணு. எண்ணிக்கிட்டே அவுங்க சொல்றதையும் கேக்கணும். கேட்டுக்கிட்டே கை ஆடாமப் பாத்துக்கணும். ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் ஆத்தான்னு சொல்லணும், அதுக்கு ஒரு சிரிப்பு இருக்கு, அதையும் வைக்கணும். ஒரு நாளைக்கு நாப்பது பேரு. இந்த எண்ணுறத மட்டும் பதினாலு வயசுலேருந்து செய்யிறேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எல்லாரும் அப்பிடித்தான்னு எங்க வீட்டுலயும் சொல்லுவாங்க. அதக் கேட்டா நான் பட்ட பாடு அத்தனையும் ஒண்ணுமில்லாமப் போயிருது. நீங்களும் சொல்லாதீங்க."

 புத்தகத்தின் தலைப்பு அப்போதுதான் சிவரஞ்சனிக்குப் புரிந்தது. "சொல்ல மாட்டேன்" என்றாள்.

அந்த வாரம் என்ன தோன்றிற்றோ, குணசேகரன் வழக்கம் போல நல்லா இருக்கியா என்று கேட்டபோது, "இல்லங்க, நல்லா இல்ல. உங்களப் பாக்கணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் அவர் பதறிப்போனார். என்ன ஆச்சு, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதை நம்பாமல் உடனே தன் அம்மாவுக்குப் போன் போட்டார். மாமியார், "நான் என்னடி ஒன்னயக் கொடுமையா பண்ணிட்டேன்?" என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு இதைக் கேட்டதும் பிரகதீஸ்வரி சிரித்தாள். ஹா என்று ஒரே வெடிப்பாக, வாயைப் பொத்திக்கொள்ளாமல், காகிதக் கட்டு அதிரச் சிரித்தாள். கடைக்கு வந்த முதல் நாள் வைத்திருந்த சிரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "அப்ப மாத்திப் பேசிப் பாத்தா இப்பிடித்தான் ஆகும்னு நீங்களும் கண்டுபுடிச்சிட்டீங்க" என்றாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று சிவரஞ்சனி வாரம் முழுக்கக் கதை தேடினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு, கடைசி அத்தியாயத்துக்கு வந்தார்கள். 'வீட்டுக்கு வந்தபின்' என்று தலைப்பு மட்டும் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

"இத எழுத வரலை" என்றாள் பிரகதீஸ்வரி.

சிவரஞ்சனிக்கு ஒரு யோசனை இருந்தது. ஆசை ஆசையாகச் செய்தும் வைத்திருந்தாள். தலைப்புக்குப் பின் நான்கு வெற்றுப் பக்கங்கள். "படிக்கிறவங்க பக்கத்தப் புரட்டுவாங்க. ஒண்ணும் இருக்காது. பேச முடியாம இருக்கறது அதுலயே தெரிஞ்சிரும்ல?"

பிரகதீஸ்வரி நான்கு பக்கத்தையும் புரட்டினாள். "அழகா இருக்கு" என்றாள். தலை சாயவில்லை. "அதான் வேணாம். அது அழகா இருக்காது. அத அழகாக் காட்டக் கூடாது."

"அப்ப என்ன செய்யலாம்?"

"எந்திரிங்க. நான் அடிக்கிறேன்."

சிவரஞ்சனி நாற்காலியை விட்டு எழுந்தாள். வெளியே சந்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிரகதீஸ்வரி இரண்டு விரலால் தட்டினாள். நடுவில் நிறுத்தி, கையை உதறி, மறுபடி தட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடித்துவிட்டுத் தன் இடுக்குக்குப் போய் முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டாள். சிவரஞ்சனி படித்தாள்.

'வீட்டுக்கு வந்தபின் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவேன். விளக்குப் போட மாட்டேன். தரையில் படுப்பேன். தரை குளிர்ச்சியாக இருக்கும். பசித்தாலும் எழுந்திருக்க முடியாது. அம்மா கதவைத் தட்டி, வெளியில எல்லார்ட்டயும் நல்லாத்தானே பேசுற, எங்கிட்ட மட்டும் ஏன் இப்படி என்பாள். அம்மாவுக்குக் கொடுக்க என்னிடம் மிச்சம் இருப்பதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தவள் அவள்தான். அவளுக்கு மிஞ்சுவது சாத்திய கதவுதான். ஒருநாள் யாருக்கும் எதையும் செலவழிக்காமல் முழுதாக அவளிடம் போக வேண்டும் என்று நினைப்பேன். அந்த நாள் இன்னும் வரவில்லை.'

சிவரஞ்சனி அதை அப்படியே, மற்ற பக்கங்கள் எப்படியோ அப்படி, ஒரு அலங்காரமும் இல்லாமல் அடுக்கினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. பிரகதீஸ்வரியைக் கையால் தொட்டு ஆறுதல் சொல்லத் தோன்றியது. தொட்டால் அவளுக்குப் பிடிக்காது என்று நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. அதனால் ஒரு கட்டுக் காகிதத்தைத் தள்ளிவிட்டு, அந்த இடுக்குக்குப் பக்கத்தில் ஒரு கை தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். மழை விட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிற வரை அப்படியே இருந்தார்கள்.

பதினோராவது ஞாயிறோடு வேலை முடிந்தது. அட்டையில் படமே இல்லை. செம்மண் மாதிரியான செம்புராங்கல் நிறத்தில் வெறும் அட்டை, அதில் தலைப்பு, கீழே பிரகதீஸ்வரியின் பெயர். கார்த்திகைக் கடைசியில் முந்நூறு பிரதிகள் அச்சாகி வந்தன. சிவரஞ்சனி முதல் பிரதியைக் கையில் எடுத்தபோது, இத்தனை வருட ஆசை நிறைவேறிவிட்டது என்று சந்தோஷப்படப் பார்த்தாள். இனி ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதுதான் முதலில் மனசில் வந்து நின்றது.

வெளியீட்டு விழாவை ஆத்மநாதனே முன்னின்று நடத்தினார். ஒரு சின்ன மண்டபம், அறுபது எழுபது நாற்காலி, ஒரு டாக்டர், இரண்டு ஆசிரியர்கள். சிவரஞ்சனி பீரோவிலிருந்து நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து, வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

பிரகதீஸ்வரி பட்டுப்புடவையில் வந்தாள். கூட அவள் அம்மா செங்கமலம். மகள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். ஒவ்வொருவரையும் நலம் விசாரித்தாள். பேசியவர்களிடம் எல்லாம், ரொம்ப நல்லாப் பேசுனீங்க என்றாள். மேடையில் அவள் பேசியபோது ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே இல்லையேப்பா, நல்லாத்தானே இருக்கு" என்றார். சிவரஞ்சனிக்கு எழுந்து போய் மைக்கை அணைத்துவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிடத் தோன்றியது.

விழா முடிந்ததும் பிரகதீஸ்வரி அவளிடம் வந்தாள்.

"எப்பிடிக்கா இருக்கீங்க? சாப்டீங்களா? ரொம்ப நன்றிங்க்கா. புத்தகம் ரொம்ப நல்லா வந்திருக்கு."

தலை இடப்பக்கம் சாய்ந்தது. மூன்று செகண்டு கண், இரண்டு செகண்டு தோள். சிவரஞ்சனி தன்னையறியாமல் எண்ணினாள். பிறகு கூட்டத்தில் யாரோ கூப்பிட, பிரகதீஸ்வரி அங்கிட்டுப் போய்விட்டாள்.

மார்கழி போயிற்று. பொங்கலும் போயிற்று. பிரகதீஸ்வரியிடமிருந்து போன் இல்லை. சிவரஞ்சனி அனுப்பிய மெசேஜுக்கு ஒரு கும்பிடு மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள், பாக்கி வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு அச்சகத்துக்கு வந்து, ஃபேனைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பத்தரைக்கு மேல் சந்தில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்தாள். குணசேகரன் கத்தாருக்குக் கிளம்பிப்போன முதல் வருடம்கூட இப்படி வாசலைப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. அவர் திரும்பி வருவார், அதற்குத் தேதி இருந்தது. இதற்கு ஒன்றுமில்லை.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு மணமேல்குடிக்குப் பஸ் ஏறினாள்.

பரிசோதனைக் கூடம் கடைத்தெருவில் இருந்தது. கட்டுமாவடியிலிருந்து வந்த மீனவப் பெண்கள் இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிரகதீஸ்வரி ஒரு பெரியவரின் கையில் ரப்பர் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் சிவரஞ்சனியைப் பார்த்தாள். முகம் அப்படியே நின்றது. சிரிப்பு வரவில்லை. ரத்தம் எடுத்து முடித்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அவளைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"சொல்லாம வந்திருக்கீங்க" என்றாள். "சொல்லாம வந்தா எனக்கு அன்னைக்கு நாளே ஒடஞ்சு போயிரும்."

"தப்புதான். பாக்கணும் போல இருந்துச்சு."

பிரகதீஸ்வரி சுவரில் கட்டைவிரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு மண்டபத்துல ஒங்களயும் மத்தவங்களோட சேத்துட்டேன். தெரிஞ்சுதான் இருந்துச்சு. கூட்டத்துல ஒருத்தருக்கு மட்டும் அந்த எண்ணுறத நிறுத்த எனக்கு வராது. நிறுத்துனா எல்லாமே நின்னுரும். வீட்டுக்குப் போயி நாலு நாள் எந்திரிக்கலை."

"அம்மா?"

"புத்தகத்தப் படிச்சாங்க. படிச்சேன்னு சொல்லலை. இப்பக் கதவத் தட்டறது இல்ல. சாப்பாட்ட வெளிய வச்சிட்டுப் போயிர்றாங்க." சுவரிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள். "அது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் தெரியலை."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நீங்க அங்க வந்து உக்காந்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கும் வரணும்னுதான் இருக்கு. காலைல எந்திரிச்சுக் குளிச்சிருவேன். ரெண்டு தடவ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். புத்தகம் முடிஞ்சிருச்சு. எதுக்கு வந்தேன்னு கேட்டா சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"நான் கேக்க மாட்டேனே. எதுக்குமில்லாமயே வரலாம்ல?"

பிரகதீஸ்வரி அன்றைக்கு முதல் தடவையாக அவள் கண்ணை நேராகப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று இந்த முறை சிவரஞ்சனி எண்ணவில்லை.

"எதுக்குமில்லாம நான் யார் வீட்டுக்கும் போனதில்ல. அது எப்பிடின்னு எனக்குத் தெரியாது. யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சிவரஞ்சனி அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. வேறு யார் யோசிச்சுச் சொல்றேன் என்றிருந்தாலும் அது வரமாட்டேன் என்றுதான் அர்த்தம், அவளும் அதைச் சிரித்து ஏற்றுக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் இவள் யோசிப்பாள். ரத்தம் எடுக்கும்போதும், இருட்டில் தரையில் படுத்திருக்கும்போதும், உண்மையாகவே அதை மட்டும் யோசித்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு நாளாகும் என்று தெரியாது. யோசித்து முடித்து, முடியாது என்றும் சொல்லலாம்.

நான்கு வாரம் ஆகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை.